லோடு ஏத்திக் காட்டச் சொல்லு

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவதற்கு முன் எதையாவது கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, இன்று காலை சர்வீஸ்காரரை வரச் சொல்லியிருந்தேன். கரண்ட் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். விசிறி முக்கி முனகிச் சுற்றியதும் அந்த வாசனை வந்துவிட்டது. சூடேறிய தூசி, கடல் உப்பு, எல்லாம் கலந்த வாசனை. உன் கட்டிலோரத்து வாசனை. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டிய நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். மனுஷர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்புறம் பிராசஸரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். பாதி பிஸ்கட் அளவுகூட இல்லை. "இது தேறாதுக்கா. நடு ரகம். அந்தக் காலத்துல ஓரளவு நல்ல சாமான்தான்" என்றார். ஓரளவாம். இந்த நடு ரகத்துக்காக நீயும் நானும் போட்ட சண்டை அவருக்கு எங்கே தெரியப் போகிறது?

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹார்பர் கேட்டுக்காக டிரைலர்கள் வால் பிடித்து நிற்குமே, அந்த வரிசையில்தான் உன் வண்டியும் நின்றது. ஓரங்கட்டிவிட்டு டயரைப் பார்க்கக் கீழே இறங்கினாய். பின்னால் வந்த வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை. உயிர் பிழைத்தது, இடுப்புக்குக் கீழே போய்விட்டது. "ஓட்டும்போது ஒண்ணும் ஆவல. ஓரங்கட்டி நின்னவனுக்குத்தாம்மே இந்தக் கதி" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரித்தாய். கட்டிய புருஷன் என்றும் பார்க்காமல் உன்னை அறையலாம் போலிருந்தது எனக்கு.

உன்னை விட்டுவிட்டு டிடிபி சென்டர் வேலைக்குப் போக முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காற்று மெத்தை ஒன்று வாங்கிவிடுங்கள் என்றும் சொன்னார். நான் போட்ட கணக்கு சுலபமானது. திருவொற்றியூரில் வீட்டோடு இருந்தே கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் அடித்துக் கொடுக்க ஒரு சாதாரண கம்ப்யூட்டர். மிச்சத்தில் மெத்தை. கம்பெனி கைகழுவிவிட்டுக் கொடுத்த பணத்துக்கு அதற்குமேல் நீளமில்லை.

நீ கேட்டது வேறு. கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற கேம் இருப்பதாக யாரோ உன்னிடம் சொல்லியிருந்தார்கள். அது ஓட வேண்டும், என் வேலையும் அதிலேயே ஓட வேண்டும், இரண்டும் ஒரே சமயத்தில். அப்படியென்றால் பிராசஸர் ஒரு படி மேலே போக வேண்டும். அந்த ஒரு படிக்கான விலை சரியாக உன் மெத்தைதான்.

"முதுகு முக்கியமா, வெளையாட்டு முக்கியமாய்யா?" என்று கத்தினேன்.

நீ கத்தவில்லை. "முதுகு எனுக்குத் தெரிலமே. கீய பஞ்சு போட்டா இன்னா, கல்லு போட்டா இன்னா. கையி தெரியுது. கைக்கு எதுனா குடு" என்றாய்.

மறுநாளே ஆட்டோ வரச் சொன்னேன்.

ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடைக்குப் படி ஏற வேண்டும். நீ ஆட்டோவை விட்டு இறங்கவே முடியாது. கடைக்காரர் பரவாயில்லாத மனுஷர். ஸ்டூல் போட்டு மானிட்டரை வாசலுக்கே கொண்டுவந்தார். உள்ளேயிருந்து ஒயர் இழுத்தார். கீபோர்டு ஆட்டோவுக்குள் உன் மடிக்கு வந்தது. போகிற வருகிறவனெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தான். எனக்கு மானம் போனது, உனக்கோ கல்யாண மாப்பிள்ளை போல ஒரு களை.

"டைப்பிங்தானே சார்? இந்தச் சின்னதே போதும். பாருங்க, ஸ்பீடு நம்பர்கூட இதுலதான் ஜாஸ்தி" என்றார் கடைக்காரர்.

"ஸ்பீடாமீட்டர்ல நூத்தியறுவது வரிக்கும் கோடு போட்டு வெச்சிருப்பான். அதுக்கோசரம் வண்டி பூடுமா? காலி வண்டி எல்லாம் நல்லாத்தான் போவும். மே, லோடு ஏத்திக் காட்டச் சொல்லு."

பெரிய போட்டோ வைத்த கல்யாணப் பத்திரிகையைத் திறக்கச் சொன்னாய். கூடவே ஒரு பாட்டு. கூடவே ஒரு சிடி காப்பி. அதற்குமேல் கேம். சின்ன ரகம் மூச்சு வாங்கியது. பாட்டு திக்கியது, லாரி நின்று நின்று குதித்தது. கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே, அதில் பிராசஸர் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்கிற இடம் குறைச்சல், ஒவ்வொன்றுக்கும் வெளியே போய் எடுத்துவர வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். "அத்தச் சொல்லு. கிளீனரு ஸ்பானரை ஷெட்டுல வெச்சிட்டு வந்துட்டான்" என்றாய். கூட்டம் சிரித்தது.

நடு ரகத்தில் எல்லாம் சேர்ந்து ஓடியது. ஆனால் சூடு அதிகம் என்றார். "ரேடியேட்டரு பெருசா போடு" என்றாய். மேல் ரகத்தைக் காட்ட வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினாய். "அது மொதலாளிங்க ஓட்ற வண்டி."

மெத்தைப் பணத்தையும் சேர்த்துக் கடைக்காரரிடம் எண்ணிக் கொடுத்தேன்.

கட்டிலோரத்தில் மேஜை. கீபோர்டு உன் மடிக்கும் என் கைக்கும் மாறி மாறி வரும். அம்புக்குறி பட்டன்தான் ஸ்டியரிங், பிரேக், எல்லாம். காலில்லாமல் பிரேக் போட முடிந்த ஒரே வண்டி உனக்கு அதுதான். கேமில் மற்ற வண்டிகள் உன்னைப் பிய்த்துக்கொண்டு தாண்டிப் போகும். நீ சிக்னலில் நிற்பாய். "கடைசியாத்தானேய்யா வர்ற எப்பவும்?" என்று சீண்டுவேன். "போவட்டும்மே. அவனுங்களுக்கு ஆஸ்பத்திரி போற வயி தெரியாது" என்பாய்.

எனக்கு வேலை வந்தால், "ஓரங்கட்டுய்யா" என்பேன். ஒரு பட்டனைத் தட்டுவாய். லாரி சின்னக் கட்டமாகித் திரைக்குக் கீழே வரிசையில் போய் நின்றுவிடும். மூட மாட்டாய். நான் ஒரு பத்திரிகையை முடித்துக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓட்டுவாய். அடுப்படியிலிருந்து பார்த்தால் உன் தோள் திருப்பத்துக்குத் திருப்பம் சாயும். விபத்துக்குப் பிறகு நான் பார்த்த நல்ல காட்சி அது ஒன்றுதான்.

சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்த இடத்தில்தான் புண் வந்தது. முதலில் ஒரு சிவப்பு. பிறகு குழி. புரட்டினேன், கழுவினேன், பவுடர் போட்டேன். மெத்தைக்கென்று மறுபடி சிறுகச் சிறுகச் சேர்த்ததெல்லாம் மருந்துக்குப் போனது. "வலிக்குதாய்யா?" என்று கேட்பேன். "தெரிஞ்சாத்தானே" என்பாய்.

அன்றைக்குக் காலையில் கல்யாணப் பத்திரிகைக்காரர் வாசலில் நின்றார். ஓரங்கட்டச் சொன்னேன். கட்டினாய். "இன்னாவோ குளுருதுமே" என்றாய். தொட்டால் உடம்பு கொதித்தது. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். புண் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். அங்கிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை.

உன் உடம்பு வருவதற்கு முன்னால் நான் வீட்டுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அணைத்திருக்கவில்லை, அதிசயமாகக் கரண்டும் போகவில்லை. எனக்கு வேலை கொடுக்கிற பிரஸ்காரர் வந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் போட்டோ கேட்டார். வேறு கடையில் அடித்துக்கொள்கிறேன், நீ உட்காரும்மா என்றார். எவனோ உன் முகத்தைச் சப்பையாக இழுத்துவிடுவான் என்று எனக்குக் கோபம் வந்தது. நானே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயில் கைவைத்து நின்றார்கள்.

போஸ்டர் ஃபைல் பெரியது. உன் போட்டோவும் பெரியது. கீழே வரிசையில் உன் லாரி நின்றது. அதை மூடிவிட்டு வேலை பார்த்திருக்கலாம், கை போகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகவே ஏற்றினேன். எங்கேயும் திக்கவில்லை. அடப்பாவி, நீ சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மெத்தை வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாய். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டாம். ஆனால் அத்தனை நாளும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாய். அதையும் யோசிக்கிறேன்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. எழுந்து போய் யாரோ நிறுத்தப் பார்த்தார்கள், வேண்டாம் என்றேன். கத்திக் கத்தித் தானாகவே நின்றது.

இன்று சர்வீஸ்காரர் புது கம்ப்யூட்டருக்கு எந்தப் பிராசஸர் போடட்டும் என்று கேட்டார். நடு ரகம் என்றேன்.

"டைப்பிங் மட்டும்தானேக்கா? சின்னதே தாராளம்."

"நடு ரகமே போடுங்க. லாரி ஓட்டுற கேம் ஒண்ணும் ஏத்திடுங்க."

"வூட்ல யாருக்கா வெளையாடுறாங்க?"

உன் பிராசஸர் இன்னும் என் உள்ளங்கையில்தான் இருந்தது. "யாரும் இல்ல. கீழ ஓரமா நிக்கட்டும்" என்றேன்.