ஹெல்கா அம்மாளின் வீடு

சிவமயம்

ஆண்டிமடம்,
8.9.2024

ஆலமுண்டும் அருள் குன்றாத பெருமானின் திருவடி முதலில். நம் சேதி அதன் பின்னர்.

செல்வ மகள் நர்மதாவுக்கு அப்பாவின் ஆசிகள். இங்கு யாவரும் சுகம். மாப்பிள்ளை தமிழழகனும் பேத்தி இலக்கியாவும் நலமோடிருக்க நாளும் வேண்டுகிறேன்.

லிண்டன்ரோட் கிராமத்தில் நீங்கள் வாங்கவிருக்கும் வீட்டின் படங்களை அம்மா செல்பேசியில் காட்டினாள். செங்கல் சுவரும் முற்றத்து மரமும் கண்ணுக்கு இனியவை. சுரங்கத்துக்காக அவ்வூரையே காலி செய்த கம்பெனி, இனி அங்கே பழுப்பு நிலக்கரி தோண்டுவதில்லை என்று முடிவாகி, வீடுகளை விற்கிறது என்றாய். முதல் உரிமை பழைய சொந்தக்காரரான ஹெல்கா அம்மாளுக்கு. கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் கேட்டபோது அவர் "ஒன்றும் வேண்டாம்" என்று வைத்துவிட்டார் என்றாய். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துத் தரச் சொல்கிறாய்.

மகளே, என் கை எழவில்லை. நம் முந்திரிக் காட்டையும் இதே கரிக்காக எடுத்து, ஒரு பிடி மண்ணும் தோண்டாமல் பல்லாண்டு கழித்துத் திருப்பித் தந்தார்கள். அச்சேதியைச் சொன்னபோது உன் சித்தப்பா தங்கராசு, "எனக்கு ஒண்ணும் வேணாம்ணே, பேச்ச வுடுங்க" என்று எழுந்து போனான். மறுநாள் விடியலில் மண்வெட்டியோடு அங்கேதான் நின்றான். நொந்தவர் வாயில் முதலில் வருவது மறுப்பு. அதை விடையென்று கொள்ளலாகாது.

அந்த அம்மாளை ஒருமுறை நேரில் சென்று கேள். பிறகு நாள் குறிக்கிறேன்.

"புள்ள ஆசையா ஒரு வூடு வாங்குது, இங்க உக்காந்துகிட்டு நியாயம் பேசுறீங்க" என்கிறாள் உன் அம்மா. நேற்று எனக்கு மட்டும் ரசத்தில் உப்பில்லை.

அன்புடன்,
அப்பா பாலசுந்தரம்


ஜெர்மனி,
26.9.2024

அன்பு அப்பாவுக்கு,

நர்மதாவின் வணக்கம். அம்மா அனுப்பிய முந்திரிப் பொட்டலம் வந்தது.

அக்டோபர் கடைசிக்குள் ஹெல்கா அம்மாள் எதுவும் சொல்லாவிட்டால் வீடு எங்களுக்கு. சட்டப்படி கேட்டாயிற்று அப்பா. போய்க் கேட்டு, அவர் மனம் மாறினால்? இந்த மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இலக்கியா ஓடினாலே கீழ்வீட்டுக்காரர் தட்டுகிறார். தோட்டத்தில் என்ன நடுவது என்று அவள் இப்போதே படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

"நம்ம வூட்ட உங்கப்பா ஆண்டிமடத்துல இருந்தே தானம் பண்றாரு" என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டு சொன்னாலும் அது சிரிப்பில்லை.

ஆனால் உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த வீட்டை எண்ணி மகிழ முடியவில்லை. போகிறேன்.

மகள்,
நர்மதா


ஜெர்மனி,
28.10.2024

அப்பா,

சென்ற வாரம் போனேன். கம்பெனி கட்டிக்கொடுத்த புது ஊரில் ஹெல்கா அம்மாள் தனியாக இருக்கிறார். வீட்டில் குளிர் தெரியாதபடி தரைகூடச் சூடாக இருக்கிறது. முந்திரியைக் கொடுத்தேன். அவர் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"கம்பெனி அனுப்புச்சா உன்ன?"

"இல்லைங்க, எங்கப்பா அனுப்புனாரு."

"அவருக்கு என்ன எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. எங்க ஊர்லயும் கரிக்குன்னு நெலத்த எடுத்தாங்க."

முந்திரியை மென்றபடி, "அது ஒரே குளிரு புடிச்ச வூடு. நீயே வச்சுக்க" என்றார். நிம்மதியாக எழுந்தேன். "கார்லதான வந்த? ஒரு தடவ காட்டிட்டுக் கொண்டாந்து வுடு" என்றார்.

அந்தப் பழைய வீட்டுக்குள் போனதும் நான் கூட இருப்பதையே மறந்துவிட்டார். சமையலறைச் சன்னல் எங்களுக்கு ஒருநாளும் திறந்ததில்லை. தோளால் ஓர் இடி இடித்தார், திறந்துகொண்டது. "கிறுக்குச் சனியன்" என்று அதைத் திட்டினார். பிறகு யாரோ விட்டுப்போன நாற்காலியில் அமர்ந்து, அந்தக் குளிரில், கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

போகலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "திரும்பி வரீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"நீ என்ன பண்ணுவ?"

"வேற வூடு பாப்பேன்."

"பொய் சொல்லாத. இந்தப் பக்கத்துல உங்க கைக்கு எட்டுற வூடு வேற ஏது?"

மறுநாள் வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீடு அவருடையது.

இலக்கியாவிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் மாப்பிள்ளை கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். செய்தது சரியென்று தெரிகிறது. இருந்தும் உங்கள் மேல் கோபமாக இருக்கிறது அப்பா. அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

நர்மதா


சிவமயம்

ஆண்டிமடம்,
27.11.2024

செல்வ மகள் நர்மதாவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் வேண்டாமென்றே சொல்வார், நீ நிறைந்த மனத்தோடு குடியேறுவாய் என்று எண்ணித்தான் உன்னைப் போகச் சொன்னேன். இப்படி முடியும் என்று தெரிந்திருந்தால் அத்தனை உறுதியாக எழுதியிருப்பேனா என்பது எனக்கே விளங்கவில்லை. அறத்தைச் சொல்ல எனக்கு ஒரு தாளும் பேனாவும் போதுமாயிருந்தன. நீ வீட்டையே கொடுத்தாய்.

மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். அவர் ஏசினால் கேட்டுக்கொள்வேன்.

கார்த்திகைச் சோமவாரத்தன்று கங்கைகொண்டசோழபுரம் சென்று உங்கள் இல்லத்துக்கு அர்ச்சனை செய்தோம். "வாங்காத வூட்டுக்கா?" என்றாள் உன் அம்மா. "குடியிருக்குற வூட்டுக்கு" என்றேன். குருக்கள் ஊர்ப்பெயர் கேட்டார். நீ இருக்கும் ஊரின் பெயர் என் நாவில் நுழையவில்லை. "மூணாவது மாடிங்க சாமி" என்றாள் உன் அம்மா. அவரும் சிரிக்காமல் அதையே சங்கல்பத்தில் சேர்த்துச் சொன்னார்.

கோபம் தீரும்வரை கோபித்துக்கொள் அம்மா. எழுதுவதை மட்டும் நிறுத்தாதே.

பிறர் வாசலை அவர்க்கே திறந்துவிட்ட உன் கைக்கும், உன்னோடு அந்த இழப்பைச் சுமக்கும் மாப்பிள்ளைக்கும், குழந்தைக்கும், நீங்கள் விளக்கேற்றும் அவ்விடத்துக்கும் எம்பெருமான் என்றும் துணையிருப்பானாக.

அப்பா