உம்மா கேட்ட வேலைக் காம்பரா

வரக்காப்பொல, தோட்டச் சந்திக் கடை வீடு
1935 மார்ச்சு

அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூரில் மாணிக்கக் கல் வியாபாரத்தில் இருக்கும் அன்பு மகன் அஸீஸுக்கு உம்மா ஸுலைஹா சொல்லச் சொல்ல, தம்பி நுஹ்மான் எழுதுவது. இங்கே மிச்சமிருக்கும் நாங்கள் இரண்டு பேரும் காய்ச்சல் விட்டு, கொயினா மருந்தின் கசப்பு மட்டும் நாக்கை விடாமல், அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் அதே காவலில் இருக்க வேண்டும் என்று உம்மா ஐந்து வக்துத் தொழுகையிலும் கேட்கிறார். அஸீஸ் நானா, இந்தக் கடிதத்தில் ‘நீ’ என்று வருவதெல்லாம் உம்மாவின் வாய், ‘நீங்கள்’ என்று வருவதெல்லாம் என் கை. இரண்டையும் ஒரே கோப்பையில் ஊற்றிக் குடித்துவிடாதீர்கள்.

இனி, சகல சனங்களும் எழுந்து நின்று கேட்க வேண்டிய அறிவித்தல் ஒன்று. நம் வீட்டின் பின்புறத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் புதிய வேலைக் காம்பராவின் திறப்பு விழா, நேற்றுப் பின்னேரம் அஸர் நேரத்தில், கழுத்தில் இறகில்லாத நம் பெட்டைக்கோழியின் தலைமையில் இனிது நடந்தேறியது. ஈரம் காயாத சீமெந்துத் தரையில் அவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நடந்து போய், சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்து, சொற்பொழிவு எதுவும் ஆற்றாமல் திரும்பி வந்தார். கட்டிக்கொண்டிருக்கும் சிங்கள மேசன் ஜேமிஸ் பாஸ் கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்தியதில் அவருடைய காலும் பதிந்து, இப்போது தரையில் கோழியின் கையெழுத்தும் பாஸின் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, காலால் போட்டதையும் கையெழுத்து என்று சொல்லலாமென்றால். இதையெல்லாம் உம்மாவுக்கு முன்னால் கோழியாகவும் பாஸாகவும் மாறி மாறி நடித்துக் காட்டினேன். தண்ணி ஓடுற பக்கம் தரை சரிஞ்சி ஈக்கா, இல்லாட்டி கோழி மிதிச்சதுல மட்டமாப் போச்சா என்று மட்டும் கேட்டார்.

காம்பரா எப்படி என்று சொல்கிறேன். சமைக்கும் குசினியின் பின்சுவரோடு ஒட்டிய ஓர் அறை. ஒரு மூலையில் உடுப்புக் கழுவ சீமெந்துத் தொட்டி, அதற்குப் பக்கத்தில் அம்மி, எதிர் மூலையில் பெரிய பானை ஏற்றுமளவுக்கு ஓர் அடுப்பு, அடுப்புக்கு மேலே விறகு காய்வதற்குப் பரண், மழைக்காலத்தில் உடுப்புக் காயப்போட முகட்டுக்குக் கீழே இரண்டு கம்பி, மேலே தகரம். தரை வெளிப்பக்கமாகச் சரிந்து தண்ணீர் வடிகானில் போய் விழ வேண்டும், ஒரு சொட்டுக்கூடக் குசினிப் பக்கம் திரும்பக் கூடாது. கதவு இரட்டைக் கதவு. வாளியோடு ஒரு ஆள் நுழைவதற்கு எதற்கு இரட்டைக் கதவு, தோட்டத்து யானை வந்து குளிக்கப் போகிறதா என்று கேட்டேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு போறதுக்கு ஒத்தக் கதவு காணாது மகன் என்றார். எதைத் தூக்கிக்கொண்டு என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வாப்பா மவுத்தாகிப் போனதிலிருந்து உம்மா இத்தா இருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அது முடியும் வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது, பின்வளவு முற்றத்துக்கும் வரக்கூடாது, ஆகவே தன் காம்பராவை உம்மா இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. உள்ளறைத் திரைக்கு அந்தப் பக்கம் உம்மா, வளவில் ஜேமிஸ் பாஸ், நடுவில் நான். ஜன்னல் ஆள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும் என்று உம்மா சொல்லி நான் போய்ச் சொன்னால், அனே பொடி முதலாளி, அந்த ஓசரத்துல வெச்சா காக்காதானே பார்க்கும் என்று பாஸ் சொல்வார், அதை நான் திரும்ப வந்து சொன்னால், காக்கா பார்த்தாக் காரியமில்ல என்று உம்மா சொல்வார். இப்படிக் காகத்தின் வேலையையும் நானே பார்க்கிறேன். எட்டாம் வகுப்பில் பாஸாகாத நான் இன்றைக்குப் பாஸுக்கே பாஸ். கடைக்குட்டி என்றால் கடையைப் பார்க்கும் குட்டி என்று வாப்பா என்னைக் கேலி செய்வாரே, இப்போது கடையும் பார்க்கிறேன், கட்டடமும் பார்க்கிறேன். உம்மா அளவை அடிக்கணக்கில் சொல்வதில்லை. வாப்பா படுத்த கட்டிலின் நீளத்துக்கு ஒரு கயிற்றைப் பிடித்து, தலைமாட்டில் ஒரு ஆளும் கால்மாட்டில் ஒரு ஆளும் நிற்க இடம் விட்டு வெட்டித் தந்தார், அது நீளத்துக்கு. அகலத்துக்கு இன்னொரு கயிறு. அந்தக் கயிறுகளைக் கொண்டு போய் நாலு மூலைக்கும் முளையடித்து, ஒரு விரல் பிசகாமல் அத்திவாரம் போட வைத்தவன் உங்கள் தம்பி. தோட்டத்துத் துரைக்குப் புதுப் பங்களா கட்ட ஆள் தேவையென்றால் சொல்லி அனுப்பட்டும், நேரம் இருந்தால் போகிறேன்.

வாப்பாவின் கடைசி எப்படி நடந்தது என்று போன கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்தீர்கள். உம்மா அதற்கு இன்றைக்குப் பதில் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு, எங்கேயும் நிறுத்தாமல். அந்தக் கிழமை றோட்டு நெடுகலும் காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது. வாப்பா விடியற்காலை சுபஹுக்குக் கண்ணை மூடினார். மையித்தைக் கிடத்திக் குளிப்பாட்டும் பலகை பள்ளிவாசலில் ஒன்றே ஒன்று, அது வேறு வீட்டில் இருந்தது, அந்த வீட்டில் முடிந்து இங்கே வர, மத்தியான லுஹர் வரை காத்திருந்தோம். வந்தபோது மழை. உள்ளே இடமில்லை என்று குசினிக்குப் பின்னால் கயிறு கட்டி, அரிசிச் சாக்குகளைப் பிரித்தும் உம்மாவின் இரண்டு சேலைகளைப் போட்டும் மறைப்புக் கட்டினோம். விறகெல்லாம் நனைந்து, புகைந்ததே தவிர எரியவில்லை, தண்ணீர் சுடவில்லை. காற்று சாக்கைத் தூக்கித் தூக்கி அடித்தது. ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து நம் கடைக்கு வரும் கன்னையா அந்த மழையில் வந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பக்கத்துச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், மற்றப் பக்கத்தை நான் பிடித்தேன். பள்ளிவாசல் லெப்பை குளிப்பாட்டிய தண்ணீர் வளவின் சரிவில் இறங்கி, குசினிக் கதவுக்குக் கீழால் உள்ளே வந்து, உம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது. கற்பூர வாசம் அடித்ததாம். காலைத் தூக்குறதா வெக்கிறதா என்று தெரியல்ல மகன், அப்படியே இருந்துட்டன், இதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன். அதுக்குத்தான் இந்தக் காம்பரா, உடுப்பும் கழுவலாம், மொளகாயும் அரைக்கலாம், வெறகும் காயும், அடுத்த ஆளுக்கு இந்த அவதி வேணாம் என்றார். அடுத்த ஆள் யார் என்று கேட்டேன். நான்தான், வேற ஆரு என்றார். குரலில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. கயிறு வெட்டித் தந்த அன்றைக்கும் இதையேதான் இப்படியேதான் சொன்னார். ஆள் நீளத்துக்குப் பலாப் பலகை ஒன்றும் அறுக்கச் சொல்லி, அது முந்தாநாள் வந்து கடை வாசலில் சாய்ந்து கிடக்கிறது. மத்த நாளையில உடுப்பு மடிக்கலாம், வெங்காயம் பரப்பலாம் என்கிறார்.

நானா, உம்மா என்னை ஏசுவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அடே கழுத என்று தொடங்கினால் வாப்பாவின் வம்சத்தில் ஒருவரையும் விடாமல் தொட்டு, கடைசியில் உங்களிடம் வந்து, நீங்கள் எவ்வளவு நல்ல பிள்ளை என்று முடிப்பாரே, அதில் ஒரு சொல்லும் இப்போது இல்லை. நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். கடை வாங்குப் பலகையில் ரப்பர் பாலைத் தடவி வைத்ததில் லெப்பையின் இடுப்புச் சாரம் ஒட்டிக்கொண்டு, அவர் எழுந்தபோது வாங்கும் கூடவே எழுந்தது. லெப்பை உம்மாவின் திரைக்கு முன்னால் வந்து, இந்தப் புள்ளைய என்ன செய்யப் போறீங்க என்று கத்தினார். சாரத்தக் கழட்டித் தரச் சொல்லு மகன், கழுவிக் குடுப்பம் என்றார் உம்மா, அவ்வளவுதான். இன்னொரு நாள் தேத்தண்ணியில் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். குடித்தார். நிதானமாகக் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார். அடியில் இருந்த ஒரு மடக்கை நான் வாயில் ஊற்றிப் பார்த்துத் துப்பிவிட்டேன். அதற்குப் பிறகு விளையாட்டு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் உள்ளே ஒன்றும் இல்லை, சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அழுகை வரவில்லை, பிறகும் வரவில்லை. ரப்பர் மரத்து நடுவிலேயே இருந்து இருந்து நாங்களும் மரத்துப் போனோம் போல.

கன்னையா ரப்பர் விறகு ஒரு பாரம் கொண்டுவந்து போட்டார். பரண் நிறைய வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. எதுக்குங்க தம்பி இம்புட்டு வெறகு, கலியாணம் கிலியாணம் வச்சிருக்கீங்களா என்று கேட்டார். ஆமாம், கோழிக்கு என்றேன். சிரித்துவிட்டு, அம்மா எப்படி இருக்காங்க என்றார். சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றேன். நானும் அப்படித்தாங்க, எங்க வீட்டுக்காரி காய்ச்சல்ல போனப்பறம் லயத்து வாசல்லயே ஒக்காந்திருந்தேன், காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குக்கூடப் போகல, கங்காணி வந்து கத்திட்டுப் போனாரு, ஒண்ணும் ஒறைக்கல, அவ வளத்த ஆடு பசியில என் வேட்டிய இழுத்துத் தின்ன ஆரம்பிச்சிச்சு, அதுக்கப்பறந்தாங்க எந்திரிச்சேன் என்றார். நம் வீட்டில் ஆடு இல்லை. கோழியிடம் சொல்லிப் பார்க்கலாம்.

உம்மா சொல்லும் மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். மத்தியான வெயிலில் தலைக்குக் குளிக்க வேண்டாம். அங்கேயும் நுளம்புக் கடி இருக்கும், போர்த்திக்கொண்டு படு. கொயினா கொடுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கு, ஒளித்து வைக்காதே, வாப்பா இரண்டு நாள் ஒளித்து வைத்தது அவர் போன பிறகு தலையணைக்குக் கீழே கிடைத்தது. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். தம்பி கெட்டித்தனமாக நின்று காம்பராவைக் கட்டுவிக்கிறான், அவனுக்காகத் துஆச் செய்துகொள். இதை உம்மா தன் வாயால் சொன்னார், நான் சேர்த்துக்கொண்டதில்லை. அல்லாஹ் உன் ஆயுளை நீட்டி, உன் கையில் பறக்கத்தையும் பெருக்கத்தையும் தந்து, நீ நின்ற இடத்தில் உன்னைக் காக்கட்டும். மறக்காமல் ஒரு காரியம் செய். தெரிந்த ஆள் யாரும் கப்பலில் வந்தால் வெள்ளைப் பருத்தித் துணி ஒரு கட்டு கொடுத்தனுப்பு. வாப்பாவுக்குச் சுற்ற எடுக்கப் போனபோது வரக்காப்பொலக் கடைத்தெருவில் வெள்ளைத் துணியே தீர்ந்து போயிருந்தது. அதைக் காம்பராவில் பெட்டிக்குள் வைத்துவிட்டால் யாரும் அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு, உன்னைப் பெற்ற உம்மா ஸுலைஹா. பக்கத்தில் இருப்பது உம்மாவின் பெருவிரல் அடையாளம்.

நானா, இதுவரையும்தான் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், இப்போது உம்மா தொழப் போய்விட்டார். ஒரு விரல் பிசகாமல் அத்திவாரம் போட வைத்தேன் என்று எழுதினேனே, அது சுத்தப் புளுகு. அடுத்த ஆள் நான்தான் என்று சொல்லி உம்மா அந்த நீளக் கயிற்றை என் கையில் தந்த அன்றைக்கு, வளவுக்குப் போகும் வழியில் கடைக்குள் நுழைந்து, புகையிலை வெட்டும் கத்தியால் அதில் இரண்டு முழத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஜேமிஸ் பாஸிடம் கொடுத்தேன். காம்பராவில் தொட்டி இருக்கிறது, அம்மி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பலகையைக் கிடத்தி இரண்டு பக்கமும் ஆள் நிற்க மட்டும் இடமில்லை. முந்தாநாள் கொண்டுபோய் வைத்துப் பார்த்தோம், நிமிர்த்தித்தான் வைக்கலாம். பாஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு, அய்யோ பொடி முதலாளி, அம்மாவுக்கு நான் என்ன சொல்றது என்று உட்கார்ந்துவிட்டார். அறை நீளம் குறைந்தால் மவுத்து திரும்பிப் போய்விடும் என்று நினைத்தேனா என்றால், அப்படியும் இல்லை, அந்த நேரம் எதையுமே நினைக்கவில்லை, கை வெட்டிவிட்டது. வெட்டிய பிறகு பெரிய கெட்டிக்காரன் என்று இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது. கெட்டித்தனமாக நிற்கிறான் என்று உம்மா சொன்னதையும் இதே கையால்தான் எழுதினேன்.

அடுத்த மாதம் இத்தா முடிந்து உம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வருவார். பார்த்த உடனேயே தெரிந்துவிடும். ஏசுவார்தானே நானா? நன்றாக ஏச வேண்டும், வம்சம் முழுவதையும் இழுத்து ஏச வேண்டும். ஏசாமல், காரியமில்ல மகன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. உம்மா ஓடிவர வேண்டாம் என்று சொன்னதை எழுதினேன், அது உம்மாவின் வாய். வெள்ளைத் துணி அங்கே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு நீங்கள் வாருங்கள், இது என் கை.

தம்பி நுஹ்மான்