மாலை போட்ட ஓட்டுநர்

கார்த்திகை 12, வியாழன்.

மகளின் இதய ஆபரேஷன் நல்லபடி முடியவேண்டுமென்று சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார் எங்கள் கம்பெனி வேன் ஓட்டுநர் குமார். இன்று வெறுங்காலோடு ஓட்டிவந்தவரை மேலாளர் கேட்டிலேயே நிறுத்தினார்.

"இன்னா சாமி, பிரேக்கை மேல இருக்கறவர் வந்து அமுக்குவாரா? ஷூ போடு, இல்லன்னா வூட்டுக்குப் போ."

வெறுங்காலோடு வேன் ஓட்டக் கூடாதென்று சட்டம் எதுவும் இல்லை என்றேன்.

"எச்.ஆர். வேலையை மட்டும் பாருங்க மேடம்."

ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். குமார் மாலையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். காவலாளியின் ஷூவை வாங்கி மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் மேலாளர் கூப்பிட்டார்.

"அந்த ஆளை நிறுத்திடுங்க. சாமியையே பாதியில விட்டவன், நம்ம வண்டியை விடமாட்டானா?"

நாளை குமாரிடம் நான்தான் சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டால், அதையும்.