எல்லாரும் திக்கும் வகுப்பு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போன மாதத்து இருமல் விட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் பொடிசுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, மனசைப் பற்றிக் கேட்டால்தான் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வாரம் தவறாமல் போனில் பேசுகிற அம்மா எதற்குத் திடீரென்று தபாலில் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. நம் வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் உன் தங்கை காதில் விழுந்துவிடும். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் என்னிடம் இருப்பதைவிட அவளிடம் இருப்பதுதான் அதிகம். இது அவளைப் பற்றிய சங்கதி, அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் வந்து சேரவேண்டும். அதனால்தான் கண் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளையில் என் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது வந்து சொட்டு மருந்து எப்போது போடுவார்கள் என்று கேட்டால் கையெழுத்து கோணும், கண்டுகொள்ளாதே.

ஒவ்வொரு வாரமும் நீ பொடிசு எங்கே என்று கேட்பதும், குளிக்கிறாள், படிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொல்வதும் வழக்கமாகிவிட்டது. நீ புத்திசாலி, எப்போது கேட்டாலும் குளிக்கிற பெண்ணைப் பற்றி உனக்குச் சந்தேகம் வராமல் இருந்திருக்காது. அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருப்பாள். உன்மேல் கோபம் என்று நினைத்துவிடாதே, போன் என்றாலே அவளுக்குப் பயம். நேரில் நின்று பேசும்போது வார்த்தை சிக்கினாலும் முகத்தைப் பார்த்து எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார், போனில் முகம் ஏது. நீ இங்கே இருந்தவரை அவளுக்கு அந்தக் கவலையே இல்லை. கடைக்காரரிடம் கேட்பது, பஸ்ஸில் சில்லறை வாங்குவது, வாத்தியாரிடம் லீவு சொல்வது எல்லாம் நீதான். அவள் முதல் எழுத்தில் நின்றால் மீதியை நீ சொல்லி முடித்துவிடுவாய். அப்பா அதைப் பார்த்து, நாம ரெண்டு பிள்ளை பெத்தோம், ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வாய் என்று சிரிப்பார். நீ கிளம்பிப் போன அந்த வாரம்தான் அவளுக்குப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. இரண்டாவது மொழியாகப் பிரெஞ்சு எடுக்கிறேன் என்று நின்றாள். சொந்த பாஷையிலேயே வாய் தடுமாறுகிற பெண்ணுக்கு மூக்கால் பேசுகிற பாஷை எதற்கு என்று அப்பாவிடம் புலம்பினேன், மார்க் வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மெல்லக் கேட்டேன். அவள் ஒரு தலையணை உறையை மடித்து முடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டு, அந்த வகுப்புல எல்லாருமே திக்குறாங்கம்மா என்றாள்.

அந்த முதல் வருடம் நம் வீடு எப்படி இருந்தது என்று நீ பார்த்திருக்கவேண்டும். அந்த பாஷையில் ர என்பதை நாக்கால் சொல்லக்கூடாதாம், தொண்டைக்குழியிலிருந்து வரவேண்டுமாம். காலை முதல் சாயங்காலம் வரை வாய் கொப்பளிக்கிற சத்தம்தான். மாடிவீட்டு அம்மா படியிறங்கி வந்து, உங்க வீட்டுல யாருக்குத் தொண்டை கட்டியிருக்கு, மிளகு போட்டுப் பாத்தீங்களா என்று கேட்டார்கள். அப்பாவும் சும்மா இருக்கவில்லை, டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டிக்கொண்டே போன்ழூர் என்பார், அது காலை வணக்கமாம், சாயங்காலம் திரும்பி வந்தாலும் அதையேதான் சொல்வார். அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது, இப்பதான்ப்பா உங்க உச்சரிப்பு சரியா இருக்கு என்றாள் பொடிசு. திக்காமல் சொன்னாள். வகுப்பில் எல்லாரும் தத்தக்கா பித்தக்கா என்று பேசும்போது இவளும் ஒருத்தி, அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிரெஞ்சு டீச்சர் சின்ன வயசுக்காரி, இவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பொடிசு பையைக் கழற்றுவதற்கு முன்பே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள். கண் படக்கூடாது என்று உன்னிடம்கூட நான் வாய்விடவில்லை.

கண் பட்டுத்தான் போயிற்று. இரண்டாவது வருடம் மற்றப் பிள்ளைகளுக்கு நாக்கு திரும்பிவிட்டது. தடதடவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரும் தண்ணீருக்குள் இருக்கும்வரை யார் குட்டை யார் நெட்டை என்று தெரியாது, கரையேறினால்தானே தெரியும். இவள் எங்கே நின்றாளோ அங்கேயே நின்றாள். அதே முதல் எழுத்து, அதே கண் சிமிட்டல். பின் பெஞ்சில் யாரோ சிரித்திருக்கிறார்கள், யார் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தது என்னவென்றால் வீட்டில் கொப்பளிக்கிற சத்தம் நின்றுபோனதுதான். சத்தமாக இருந்தபோது தலைவலி என்று சொன்னவள்தான் நான், நின்றபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல், இல்லையென்றால் தோளைக் குலுக்கல். நானோ நாள் முழுக்க மைக்கில் ஊரான் பெயரையெல்லாம் கூப்பிட்டு வயிறு வளர்க்கிறவள், என் வயிற்றில் பிறந்தவளுக்குத் தன் பெயரைச் சொல்லவே வரவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது இந்த நினைப்பு வந்து, ஒரு பெரியவரின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டேன், அவரும் பாவம் பாதிப் பெயருக்கே எழுந்து வந்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வு நெருங்கியதும் துணைத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்ல மனுஷி, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார்கள். வெளிப் பள்ளியிலிருந்து ஒருத்தர் வந்து எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பார், உங்க பொண்ணு பாவம் கஷ்டப்படும், டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தீங்கன்னா பேச்சுத் தேர்வுக்கு விலக்கு வாங்கித் தரேன், எழுத்துத் தேர்வு மார்க்கை வெச்சே போட்டுடுவாங்க என்றார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவளுக்கு டாக்டரைப் பிடிப்பதா கஷ்டம். அன்றைக்குச் சாப்பிடும்போது அவளிடமும் அப்பாவிடமும் சொன்னேன். நல்ல செய்தி சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவள் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, எ, எ, எ என்று நின்று, நானும் அப்பாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, எனக்குப் பேச வரும்மா, நேரமாகும், அவ்வளவுதான் என்றாள். தேர்வு ஹாலில் யார் உனக்கு அவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ, ஆனால் பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க எல்லாம் சிக்னல்ல எஞ்சினை நிறுத்திடுவாங்க, பின்னாடி இருக்கிறவன் ஹாரன் அடிப்பான், அதைக் கேட்டுப் பதறினா மறுபடி நின்னுபோகும், அவ பதறலன்னா விடு என்றார். அவருக்கு எல்லாமே வண்டிதான். அவர் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார், எனக்குத்தான் தூக்கமில்லை.

தேர்வு அன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வராதே என்றாள், குடையை மறந்துவிட்டாய் என்று சாக்கு சொல்லிக்கொண்டு பின்னாலேயே போனேன். மாடி வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு, அதில்தான் உட்கார்ந்திருந்தேன். அறைக் கதவின் கண்ணாடியில் உள்பக்கம் காகிதம் ஒட்டியிருந்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போவதும், அப்பாடா என்று சிரித்துக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தது. இவளுடைய முறை வந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு சாத்தியதும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு ஆணின் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாதது எவ்வளவு நீளம் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, கீழே மைதானத்தில் யாரோ விசில் ஊதுகிறார்கள், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எழுந்து கதவைத் தட்டி, போதும், என் பெண்ணை விடுங்கள், சர்டிபிகேட் கொண்டு வந்து தருகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகளைவிட நெடுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். நேராகக் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. போலாம்மா என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவள் வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. அழுதிருக்கிறாளா என்று கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கப் பார்த்தேன், என் முகம்தான் தெரிந்தது.

உள்ளே நடந்ததை அன்று சாயங்காலம் பிரெஞ்சு டீச்சர்தான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னாள், அவளும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறாள். முதல் கேள்வியே உன் பெயர் என்ன என்பதுதான். நம் பொடிசுக்கு உலகத்திலேயே கஷ்டமான வார்த்தை அவள் பெயர்தானே. வாய் கட்டிக்கொண்டுவிட்டது. வந்தவர் நல்லவர்போல, ஐயோ பாவம் என்று எதிரில் இருந்த காகிதத்தைப் பார்த்து அவரே அவள் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்திருக்கிறார். இவள் பெஞ்சின்மேல் இருந்த கையை உயர்த்தி, அத்தாந்தே என்றாளாம். பொறுங்கள் என்று அர்த்தமாம். தயவுசெய்து என்பதையும் சேர்த்துச் சொன்னாளாம், மரியாதைக்குறைவாக ஒன்றும் இல்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இவள் தன் பெயரைச் சொன்னாள், முழுதாக, அவளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு. அதற்குப் பிறகும் பல இடத்தில் நின்றிருக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் அவளே தாண்டியிருக்கிறாள், அவரை இன்னொரு வார்த்தை எடுத்துக் கொடுக்க விடவில்லை. எனக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துடுச்சும்மா, அவ நிதானமா இருந்தா என்றாள் டீச்சர். மார்க் எப்படி வரும் என்று கேட்டேன். சொல்லத் தெரியல, தடையில்லாம பேசுறதுக்குன்னு தனி மார்க் இருக்கு, அதுல எப்படிப் போடுவார்னு தெரியல என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். போனை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன், நல்லவேளை, உன் தங்கை வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும் என்று அவளிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை.

மார்க் நேற்று வந்துவிட்டது. எவ்வளவு என்று இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அண்ணனுக்கு நானே சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். உன் பிறந்தநாளன்று அவளே உனக்குப் போன் பண்ணப்போகிறாளாம். மேலே மொழிபெயர்ப்புப் படிக்கவேண்டும் என்கிறாள், இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தருக்குச் சொல்கிற வேலையாம். ஊரில் இல்லாத வேலையாக வாயால் செய்கிற வேலையையே தேடிப் போகிறாளே, நாளைக்கு யாராவது முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டால் என்ன செய்வாள் என்று நான் இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதைப் பற்றி நீ ஒரு அபிப்பிராயமும் சொல்லாதே, சந்தோஷமாகக் கேட்டுக்கொள், கவலைப்படுவதற்கு நான் இருக்கிறேன்.

இடைவேளை முடிந்துவிட்டது, வெளியே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. கம்பளிச் சாக்ஸ் போடாமல் நீ வேலை பார்க்கிற அந்தக் குளிர் கிடங்குக்குள் போகாதே, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, நோய்நொடி எட்டிப் பார்க்காமல், நீ நினைத்த இடத்துக்கு வரவேண்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அவள் போன் வரும்போது எடுத்துவிட்டுச் சும்மா இரு. அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்றால் லைன் போய்விட்டது என்று ஹலோ ஹலோ என்று கத்தாதே, வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடாதே. லைன் போயிருக்காது, அவள் அங்கேதான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா