தெர்மாமீட்டர் மேல் குற்றமில்லை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம், என் முழங்காலை அந்தக் கணக்கில் சேர்க்காதே, நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் எனக்கு அதுவே போதும். ஒரு விஷயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பு நீ போனில், "உங்க வானிலை ஸ்டேஷன் அளவு மட்டும் எங்க கம்ப்யூட்டரோட ஒத்தே போகலம்மா, தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா?" என்று கேட்டாய், நானும் ஆமாம் பழசு என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். தெர்மாமீட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கெட்டது என் முழங்கால். மொட்டைமாடியில் வெள்ளைப் பெட்டிக்குள் இருப்பதைப் படிக்க நாற்பத்திரண்டு படி, காலையில் ஒரு தரம் மாலையில் ஒரு தரம், அப்போது ஒரு மாதமாக நான் ஏறியிருக்கவே இல்லை. கீழே வராந்தாவில் தொங்குவதைப் பார்த்து அதில் இரண்டு டிகிரி கழித்து அனுப்பினேன். வெயில் நாளும் இரண்டுதான், மழை நாளும் இரண்டுதான். மனுஷர் யாரும் கண்டுபிடிக்கவில்லை, உன் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது.

அது முதலில் வரப்போகும் மழை வெயிலுக்குத் தானாக ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, பிறகு ஊர் ஊராக விசாரித்துத் திருத்திக்கொள்ளும், ஓயாமல் தப்புச் சொல்லும் ஊரின் பேச்சைக் காதில் வாங்காது என்றாயே, இருபத்தாறு வருடமாக உன் அப்பாவிடம் நான் செய்வதும் அதுதான், எனக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் கடல்பக்கம் எங்களை விட்டால் வேறு ஸ்டேஷன் இல்லை, இங்கே ஒரு டிகிரி பிசகினாலும் நாலு நாள் கழித்து எங்கோ மழையே இடம் மாறிவிடலாம் என்று நீ சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. அது என்னை நம்பிய நாட்களில் எத்தனை பேர் குடையில்லாமல் போனார்களோ, நீ நனைந்து காய்ச்சலில் படுத்ததும் என் கைங்கரியமாக இருக்குமோ.

எங்கள் மேலதிகாரி, எப்போதும் வேர்த்து வழிவதால் நான் ஈரப்பதம் என்று பெயர் வைத்திருப்பவர், அவரிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன். கத்தவில்லை. "பதினஞ்சு நாள் அளவு ஒழுங்கா போகணும், இல்லேன்னா ஸ்டேஷனை மூடிடுவாங்க, நீங்களும் நானும் வீட்டுக்குத்தான்" என்றார். இன்று ஒன்பதாம் நாள். ஏறுகிறேன், இருபதாவது படியில் உட்காருகிறேன், மறுபடி ஏறுகிறேன். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. அப்பா தைலம் தேய்த்துவிடுகிறார், வலிக்காத காலில்.

எனக்காக அங்கே யாரிடமும் பரிந்து பேசாதே, அளவு சரியாக வந்தால் அதுவே நம்பட்டும். நனைந்தால் தலையைத் துவட்ட மறக்காதே. ஒரு குறையுமில்லாமல் நல்லாயிரு கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு.: இதை மட்டும் மறுநாள் எழுதுகிறேன், எழுத்து பெரிதாக இருக்கும். காலை அளவு மேலே ஏறிப் பார்த்துச் சரியாக அனுப்பியாயிற்று. அதன் பிறகு மேல்காற்றை அளக்க தினமும் விடும் பலூனை விடும்போது அதன் நூல் என் மூக்குக்கண்ணாடியில் மாட்டிக்கொண்டது. ஏழு பதினாறுக்குப் பலூன் கண்ணாடியோடு மேகத்துக்குள் போனதாக ஈரப்பதம் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்.