வயிற்றுக் கிருமியும் ஐந்து முன்பற்களும்

3-6-2024, திங்கள்
தின்றதையும் வலித்ததையும் தினமும் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் வயிற்று டாக்டர். நான் கைநாட்டு. நான் சொல்ல, என் வீட்டுக்காரி கோமதித்தாய் எழுதுகிறாள். இனி இவளிடம் எதை மறைக்க?
காலையில் மூன்று இட்லி. பூச்சந்தையில் பிச்சியை ஏலம் கூப்பிடும்போது எரிச்சல் தாங்காமல் குனிந்துவிட்டேன்.

11-6-2024
அதே கிருமி. மூன்றாவது தடவை. முதலில் 2021 கார்த்திகை, பதினாலு நாள் மாத்திரை. அடுத்தது போன வருஷம் மாசி. ஒரு வேளைகூடத் தவறவில்லை. பிறகு எங்கிருந்து வருகிறது?

12-6-2024
பல் டாக்டர் பிரேமலதாவிடம் அனுப்பினார்கள். ஈறை அழுத்தினார், சீழ்.
"மாத்திரை வயித்தைச் சுத்தம் பண்ணுது தாத்தா. ஈறு இடுக்குல அதே கிருமி பதுங்கி இருக்கலாம். எச்சியோட திரும்ப இறங்கும்."
ஈறைச் சுரண்டி, ஆடுகிற முன்பல் ஐந்தையும் எடுக்க வேண்டுமாம். பல்செட் வைக்க மூன்று மாதம்.
முன்பல் இல்லாமல் எப்படிக் கூப்பிட? நாற்பத்தோரு வருஷம். எந்த ஊர்ப் பூ, யார் கேட்டது, எல்லாம் தலையில் நிற்கும். ஆனால் வாய் வழியாகத்தானே வெளியே வர வேண்டும்?

20-6-2024
பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன் என்று இவளிடம் சொன்னது பொய். "இதை எழுதாதட்டி" என்றேன். எழுதிவிட்டாள்.

29-6-2024
வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது. தலை சுற்றுகிறது.

30-6-2024
"ஏலம் பெரிசா, உசுரு பெரிசா?" என்கிறாள். தெரியலட்டி. பல்லை எடுத்தா ஏலம் போச்சு, வச்சிருந்தா வயிறு போச்சு. எங்கிட்டுப் போவேன் நான்?

15-7-2024
நாலு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். நேற்றோடு ஐந்து பல்லும் எடுத்தாயிற்று. மறுபடி மாத்திரை. வாயெல்லாம் இரும்புக் கசப்பு.

16-7-2024
கமிஷன் கடை முதலாளி மகாராஜன் வந்தார். "மூணு மாசம் ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் இசக்கித்துரை கூப்பிடட்டும்."
"அவன் தராசுல நிக்கவன்லா?" என்றேன். எனக்கே காற்றுதான் கேட்டது. கோமதித்தாய் சிரித்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

21-10-2024
ஊதிப் பார்க்கிற சோதனையில் கிருமி இல்லை. பல்செட்டும் பொருந்திவிட்டது. நாலு இட்லி, வலி இல்லை.
சந்தைக்குப் போனேன். இசக்கித்துரை சம்பங்கியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வியாபாரிகள் எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். "வாங்கண்ணாச்சி" என்று மகாராஜன் ஒரு நாற்காலி போட்டார்.
நாற்காலியில் உட்கார்ந்து யாரும் ஏலம் கூப்பிட்டதில்லை.
உட்கார்ந்தேன்.