கண்ணால் சொன்ன மூன்று எழுத்து

மகர்பட்டா, புனே
பிள்ளையார் விசர்ஜனத்துக்கு மறுநாள்

அன்புள்ள சஹானாவுக்கு அப்பா எழுதுவது. நீ கப்பல் வேலை முடிந்து இறங்கி ஹாலிஃபாக்ஸில் உன் அறைக்கு வந்து இதைப் பிரிக்கும்போது உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே அம்மாவும் நானும் நீ விட்டுப்போனபடியே இருக்கிறோம், மோசம் என்று சொல்வதற்கில்லை. மழை இந்த வருஷம் நிற்கவே மனசில்லாமல் பெய்தது, பால்கனித் துணி ஒன்றும் காயவில்லை. லக்ஷ்மிநாராயணன் பெரியப்பாவுக்கு இன்னொரு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று, டாக்டர் டிவி பார்க்கக்கூடாது என்று சொன்னதில் பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நீ சரியாகச் சாப்பிடு, கப்பலில் இளைத்திருப்பாய். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். கப்பலுக்கு வருகிற மெயில் நாலு வரியைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாய், நாலு வரியில் அடங்கும் விஷயமாக இருந்தால் அப்போதே எழுதியிருப்பேன். பாதியைச் சொல்லி உன்னை நடுக்கடலில் தவிக்கவிட மனசு வரவில்லை. எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாய் என்பதால் குண்டு குண்டாக எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

நீ கப்பல் ஏறின வாரம் அம்மாவின் லேப்டாப் போய்விட்டது. அது போனால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கை கால் போய், குரலும் போய், கண் மட்டும் மிஞ்சியிருக்கிற உடம்பு அவளுக்கு. நீ வாங்கிக் கொடுத்த அந்தக் கறுப்புப் பட்டையைத் திரைக்குக் கீழே ஒட்டினதிலிருந்து, அவள் கண் போகிற எழுத்தை அது பிடித்துக்கொள்ள, லேப்டாப் வாய்விட்டுச் சொல்ல, வீட்டில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. ரசத்தில் புளி அதிகம் என்பதைக்கூட அந்த மெஷின் குரலில் சொல்லுவாள். அன்று மதியம் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, லேப்டாப்பின் பேட்டரியோ எப்போதோ செத்தது. கரண்ட் வந்ததும் போட்டால் நீலத் திரையில் வட்டமாகப் புள்ளிகள் சுற்றுகின்றன, அணைகிறது, மறுபடி சுற்றுகிறது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு இரண்டே வார்த்தைதான், கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. தண்ணி வேணுமா, இல்லை. திருப்பிப் படுக்க வைக்கட்டுமா, இல்லை. வலிக்குதா, இல்லை. பிறகு என்னதான் வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தெரியாது, அவளுக்குச் சொல்ல வழி கிடையாது.

இதில் கொடுமை என்னவென்றால், இந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஸ்கூலில் அத்தனை வருஷம் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள், லேபில் எந்த மெஷின் படுத்தாலும் வனஜா மிஸ்ஸைக் கூப்பிடு என்பார்கள். நான் டிஃபன்ஸ் அக்கவுண்ட்ஸில் குப்பை கொட்டினவன். மெஷினைச் சரிசெய்யத் தெரிந்தவள் பேசவேண்டுமானால் அந்த மெஷின் வேண்டும், அது ஓடினால்தான் எப்படிச் சரிசெய்வது என்று அவளால் சொல்ல முடியும். சர்வீஸ் சென்டரில் கேட்டேன், கொண்டுவந்து கொடுங்கள், கணபதி பண்டிகை முடிந்துதான் பார்ப்போம், ஃபார்மட் பண்ணும்போது உள்ளே இருப்பது போகலாம் என்றார்கள். நான் எப்படிக் கொண்டு போவேன்? பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற சுனந்தா மாவ்ஷி கௌரி பூஜைக்கு சாத்தாராவில் தன் வீட்டுக்குப் போய்விட்டாள், ஏஜென்சியில் வேறு ஆள் இல்லை. அடிக்கடி வாயில் எச்சிலை உறிஞ்சி எடுக்காவிட்டால் புரையேறிவிடும், அதனால் குப்பையைக் கொண்டுபோய் வாசலில் வைக்கக்கூட ஓடிப்போய் ஓடிவந்தேன். கீழே பிள்ளையார் பந்தலில் டோல் தாஷா மேளம் அடிக்க ஆரம்பித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். சத்தம் தொந்தரவாக இருக்கா என்றால் மூடுவாள், பிடிச்சிருக்கா என்றாலும் மூடுவாள்.

இதோடு டாக்டரின் கெடு வேறு. சாப்பாடு கொடுக்க வயிற்றில் ஒரு டியூப் வைக்கவேண்டும் என்றிருந்தார். கழுத்தில் துளை போட்டு டியூப் வைத்து மெஷினில் மூச்சு விடச் செய்தால் பல வருஷம் இருக்கலாம், ஆனால் போகப்போகக் கண் அசைவும் நிற்கலாம், விசர்ஜனம் முடிந்ததும் வந்து முடிவைச் சொல்லுங்கள் என்றிருந்தார். நான் கரைக்கு வரதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிருக்கணும்பா என்று நீயும் அழுதுவிட்டுத்தான் கப்பல் ஏறினாய். அம்மா யோசிக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள், அதற்குள் வாய் அடைபட்டது. கண்ணாலேயே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் கேட்டேன். டியூப் வெச்சுக்கலாமா என்றால் மேலே பார்க்கிறாள், சரி டாக்டர் கிட்ட சொல்லிடட்டுமா என்றால் மூடுகிறாள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஆமாம் இல்லை என்று வாங்கிக்கொண்டு போய்ச் சொல்ல நான் யார்? மெஷினைச் சரிபண்ணாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை என்று தீர்மானித்தேன்.

மேல்மாடியில் இருக்கும் ஜெயந்தை உனக்குத் தெரியும், ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனிக்கு கேப்பில் போகிறவன். வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, விண்டோஸ்தான் கெட்டுப்போயிருக்கிறது, ஒரு பென் டிரைவில் புது விண்டோஸை ஏற்றி அதிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினால் போதும் என்றான். அவனுடைய பழைய லேப்டாப்பில் அந்தப் பெரிய ஃபைல் இறங்க ஆரம்பித்தது. முடிவதற்குள் அவன் குடும்பத்தோடு கோலாப்பூர் கிளம்பவேண்டியதாயிற்று, லேப்டாப்பை என்னிடமே விட்டுவிட்டு, "டென்ஷன் நகோ காகா, போன் கரா" என்று, கவலைப்படாமல் போன் பண்ணச் சொல்லிவிட்டுப் போனான். ஃபைல் இறங்கியதும் நான் அதை அப்படியே பென் டிரைவில் காப்பி பண்ணி, அம்மாவின் லேப்டாப்பில் சொருகி, அவன் சொல்லியிருந்த கீயைத் தட்டினேன். மறுபடி புள்ளிகள்தான். அம்மாவைப் பார்த்தேன், கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். ஜெயந்துக்குப் போன் போட்டால், வெறுமனே காப்பி பண்ணினால் அது கிளம்பாது காகா, பூட் ஆகிற மாதிரி எழுதவேண்டும், அதற்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறது என்று பேர் சொன்னான். அதையும் இறக்கி, எழுதி, சொருகினேன். பென் டிரைவில் விளக்கு மினுக்குகிறது, ஆனால் எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கிற பட்டியலில் அதன் பேரே வரவில்லை. இந்தப் பக்கத் துளை, அந்தப் பக்கத் துளை, சமையலறை டப்பாவில் கிடந்த வேறொரு பென் டிரைவ், எல்லாம் பார்த்தாயிற்று. ஜெயந்துக்குக் கோலாப்பூரில் லைனும் சரியாகக் கிடைக்கவில்லை. பால்கனியில் போய் நின்றேன். கீழே ஊரே ஆடிக்கொண்டிருந்தது. லிஃப்டில் இறங்கினால் தெரு, ஆனால் எனக்கு அது இல்லை. எனக்கே இப்படி மூச்சு முட்டுகிறதே, உள்ளே படுத்திருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது, திரும்பி உள்ளே வந்தேன்.

பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில் இங்கிலீஷ் எழுத்துகளை மார்க்கரில் எழுதி அவள் முன்னால் பிடித்தேன். நான் விரலை ஒவ்வொன்றாக நகர்த்தறேன், வேண்டிய எழுத்து வந்தா மேலே பாரு என்றேன். முதலிலேயே இந்த யோசனை வந்திருக்கலாம், வரவில்லை. அவள் கண் சோர்ந்துபோயிருந்தது, சில சமயம் நான் எழுத்தைத் தாண்டியபிறகுதான் ஏறும், திரும்ப முதலிலிருந்து போவோம். கடைசியில் மூன்று எழுத்து கிடைத்தது, ஜி, பி, டி. எனக்கு ஒரே சந்தோஷம். அடடா, போனில் அந்த ஜிபிடி இருக்கிறதே, அதைக் கேட்கச் சொல்கிறாள் என்று புரிந்துகொண்டு போனை எடுத்து, பென் டிரைவ் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். அது பக்கம் பக்கமாகப் பதில் சொன்னது, நான் ஒவ்வொன்றாக அவளுக்கு வாசித்தேன். அம்மா கண்ணை மூடினவள் திறக்கவே இல்லை, ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. அழுகிறாளே என்று பதறித் துடைத்துவிட்டேன். சிரித்திருக்கிறாள், சஹானா. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

திரும்பவும் எழுதிப் பார்க்கலாம் என்று ஜெயந்தின் லேப்டாப்பில் அந்தச் சாஃப்ட்வேரைத் திறந்தேன். நான் இதுவரை கண்ணெடுத்தும் பார்க்காத ஒரு சின்னக் கட்டத்தில் எம்பிஆர் என்று இருந்தது. அதை அழுத்தினால் கீழே இன்னொன்று விரிகிறது, ஜிபிடி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே வைத்து, "இதையா சொன்னே?" என்று கேட்டேன். அவள் கண் மேலே போன வேகம் இருக்கிறதே, நான் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய மெஷின்களுக்கு ஒரு விதமாகவும் புதிய மெஷின்களுக்கு வேறு விதமாகவும் எழுதவேண்டுமாம், நான் பழைய விதத்திலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். மாற்றி எழுதிச் சொருகினதும் பட்டியலில் பென் டிரைவின் பேர் வந்தது. அதன்பிறகு என் கை, அவள் மூளை. திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் நான் உரக்க வாசிப்பேன், அவள் ஆமாம் இல்லை சொல்லுவாள். ஓர் இடத்தில் டிஸ்கை அழிக்கட்டுமா என்கிற மாதிரி வந்தது, பழகின கையோடு அழுத்தப் போனேன், கண்ணை இறுக்கி மூடிவிட்டாள். அழிக்காமல் மேலேயே போட்டதில் அவளுடைய பழைய ஃபைல் எல்லாம் ஒரு ஃபோல்டரில் பத்திரமாகக் கிடக்கிறது, உன் சின்ன வயசு போட்டோக்கள் உட்பட. அப்புறம் அந்தப் பட்டைக்கான சாஃப்ட்வேரையும் ஏற்றி, அவள் கண்ணுக்கு நேரே சரிபண்ணி வைத்தேன்.

எழுத்து ஒவ்வொன்றாக ஏறியது. மெஷின் முதலில் சொன்னது, "போய் அந்த ஜிபிடி கிட்டயே காபி கேளுங்க." நான் சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். அடுத்ததாக அவள் எழுத ஆரம்பித்தபோது மாலை வெயில் சுவரில் இருந்தது, முடிக்கும்போது விளக்குப் போட்டிருந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வயித்துல டியூப் வெச்சு சாப்பாடு குடுக்கறது சரி. கழுத்துல வேண்டாம். முன்னே பாதி மனசு இருந்தது. இப்ப மெஷின் இல்லாம உள்ளே இருந்து பார்த்துட்டேன். நீங்க பேசறது கேக்குது, டோல் கேக்குது, எனக்கு மட்டும் கதவு இல்லை. கண்ணும் போனப்புறம் வருஷக்கணக்கா அங்கே இருக்கச் சொல்லாதீங்க." டியூப் வைத்துக்கொள்ளலாமா என்று அன்று நான் கேட்டபோது மேலே பார்த்தது வயிற்று டியூப்பை நினைத்துத்தானாம். எது என்று நான் பிரித்துக் கேட்கவில்லை. அந்த ஒரு பார்வையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நான் ஒத்துக்கொள்ளவில்லை சஹானா, உடனே எப்படி ஒத்துக்கொள்வேன்? கண் போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாரே என்றேன். குழந்தை கேட்டால் என்ன சொல்வேன் என்றேன். உன் பெயரைச் சொன்னால் மனசு மாறும் என்று பார்த்தேன். "அவளுக்கு நானே சொல்றேன், நீங்க நடுவுல நிக்காதீங்க" என்றாள். நான் பாடுபட்டுக் கிளப்பின மெஷினிலிருந்துதான் எனக்குப் பிடிக்காத இந்த வார்த்தையும் வந்தது, அதை அணைத்துவிட முடியுமா? இன்று காலை மாவ்ஷி திரும்பி வந்தாள். முதல் வேலையாக டாக்டருக்குப் போன் பண்ணி அம்மா சொன்னதை அவள் வார்த்தையிலேயே வாசித்தேன். வயிற்று டியூப்புக்கு அடுத்த வாரம் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். மூச்சுக்கு இப்போது ராத்திரியில் போடுகிற மாஸ்க் தாங்குகிறவரை அதுவே போதும், அப்புறம் சிரமம் தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். பேசி முடித்து, மாவ்ஷியை அம்மா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். தெருவெல்லாம் குலால் வண்ணப்பொடியும் மிதிபட்ட பூவும். ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன், வெளியே போயும் அம்மா சொன்னதேதான் மனசில் ஓடியது.

உனக்குக் கோபம் வரும். என் மேல் கோபப்படு, அம்மாவிடம் வாதம் பண்ணவேண்டுமானால் பண்ணு, அதற்கும் அவளிடம் பதில் இருக்கிறது. லீவு கிடைத்தால் கிளம்பி வா, கிடைக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு வா. டிக்கெட் பார்க்கும்போது மும்பையில் இறங்காமல் நேரே புனேக்கு வருகிற மாதிரி பார், காட் மலைப்பாதையில் இன்னும் மழை இருக்கிறது. அம்மாவும் நானும் உனக்கு எல்லா ஆசியும் சொல்கிறோம், கடலில் காத்த தெய்வம் கரையிலும் உன்னைக் காக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போன் பண்ணும்போது அம்மா ஒரு வார்த்தை எழுதி முடித்து மெஷின் அதைச் சொல்வதற்கு ரொம்ப நேரம் ஆகும், இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அம்மா இருக்கிறாள்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அப்பா
சந்துரு